பேரறிவாளன் வழக்கு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1991இல் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கில் பேரறிவாளனுக்கு அளிக்கப்பட்ட தூக்குத் தண்டனை நியாயமற்றது என்று எழுதியிருந்தீர்கள். 1999இல் அதை உறுதி செய்தது உச்ச நீதிமன்றமே. 2022இல் அவர் விடுதலையானது ஆளுநரின் தாமதத்தால்தான்; அவர் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு உங்கள் பதில் என்ன?

கோ. ரா., திண்டுக்கல்

அன்புள்ள கோ. ரா.,

விடுதலை பற்றி நீங்கள் சொல்வது சரி. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு அவரை விடுவித்தபோது, 2018இல் தமிழக அமைச்சரவை அளித்த பரிந்துரை ஆளுநரிடம் தேங்கிக் கிடந்ததைத்தான் முதன்மையாக ஆராய்ந்தது. அதைக் குற்றமின்மைக்கான சான்றிதழாகக் கொண்டாடியவர்கள் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. என் ஐயம் 1991இலேயே தொடங்குகிறது.

கைதையே நான் குறை சொல்லவில்லை. அத்தகைய ஒரு படுகொலைக்குப் பின், கொலையாளிகளோடு பழகியவர்களை விசாரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் செல்லாது என்ற சாட்சியச் சட்டத்தின் பழைய பாதுகாப்பை, பயங்கரவாதத் தடுப்புக்கென வந்த தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு விலக்கியது. போலீஸ் காவலை 60 நாள் வரை நீட்டிக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. ஜூனில் பிடிபட்ட 19 வயது இளைஞரின் வாக்குமூலம் ஆகஸ்டில்தான் சிபிஐ அதிகாரி தியாகராஜனால் பதிவு செய்யப்பட்டது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும், ஒருவர் விடாமல், தூக்கு விதித்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் இல்லை.

1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்ததோடு, இக்கொலை தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. ஆயினும் அதே சட்டத்தின்கீழ் பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றது. என்னால் ஏற்க முடியாத இடம் இதுதான். சட்டமே பொருந்தாது என்று ஆன வழக்கில், அந்தச் சட்டம் தந்த விதிவிலக்கு மட்டும் எப்படி எஞ்சி நிற்கும்?

பொய் முகவரி கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள் போன்ற வேறு சான்றுகளும் தீர்ப்பில் உண்டு, மறைக்கத் தேவையில்லை. அவை தொடர்பைக் காட்டுகின்றன. குண்டில் பயன்பட்டதாகக் கூறப்பட்ட 9 வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கிக் கொடுத்தபோது அவை எதற்கென்று அவருக்குத் தெரியும் என்பதை அவை காட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது வாக்குமூலம். எதற்கென்று தெரியாது என்று அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகத் தியாகராஜனே 2013இல் கூறினார். தூக்குக்கும் விடுதலைக்கும் இடையிலான தூரம் அந்தச் சில சொற்களில் இருந்திருக்கலாம். மறுஆண்டு தூக்கு ஆயுளாகக் குறைந்தது, ஆனால் கருணை மனுவில் ஏற்பட்ட காலதாமதத்துக்காக. 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய அவரது மனு 2018இல் தள்ளுபடியானது.

உயிரிழந்தவர்களில் பணியிலிருந்த காவலர்களும் இருந்தார்கள். தம் வீட்டாரைக் கொன்றவர்கள் யார் என்று ஐயமறத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு வாக்குமூலம் அந்த உரிமையை அவர்களுக்கு நிறைவேற்றித் தரவில்லை என்பதே என் பதில்.