வேகாத பருப்பு, சுற்றாத ஃபேன், சிவந்த வேட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘வேகவில்லை, பொங்கவில்லை, சுற்றவில்லை’ ரகம்தான். புதிதாக எதையாவது வாங்கக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை முடிந்த இடங்களில் சொல்லியிருக்கிறோம்.

தாம்பரம் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். அதே குக்கர், அதே கடைத் துவரம்பருப்பு. முன்பு நாலு விசிலில் குழைந்துவிடும். இப்போது ஏழு விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கிறது. குக்கரை மாற்ற வேண்டுமா?

குக்கரை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். புது வீட்டில் போர் தண்ணீர்தானே வருகிறது? பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது அது கரைந்து வழிவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் மேலே வெடித்தது போலத் தெரியுமே தவிர உள்ளே மசியாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை. இரண்டு சின்னக் கிண்ணங்களில் கால் கால் கப் பருப்பு போடுங்கள். ஒன்றில் முக்கால் கப் போர் தண்ணீர், மற்றதில் அதே அளவு குடிக்கிற கேன் தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கரில் ஒரே நேரத்தில் வையுங்கள். கேன் தண்ணீர்ப் பருப்பு மட்டும் மசிந்தால் குற்றவாளி தண்ணீர். இரண்டுமே வேகாவிட்டால் பருப்பு பழசு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் அடம்பிடிக்கும்.

தண்ணீர்தான் காரணம் என்றால் பருப்புக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஒரு வேளைக்கு மூன்று டம்ளர்தான் செலவாகும். போர் தண்ணீரைத்தான் ஊற்றியாக வேண்டும் என்றால் முதலில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைத் தூளை விட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். எல்லா உப்பும் போகாது, ஆனால் வித்தியாசம் தெரியும். ஆப்ப சோடா ஒரு கப் பருப்புக்கு இரண்டு சிட்டிகை போதும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் வீணாகும். கொண்டைக்கடலைக்கு இன்னும் நல்ல வழி: ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கல்லுப்பு போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு வேகவையுங்கள். உப்பு போட்டால் கடலை வேகாது என்பது பழைய நம்பிக்கை. நடப்பது நேர்மாறு, உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை இளக்குகிறது.

விசில் கணக்கையும் மறந்துவிடலாம். உள்ளே அழுத்தம் ஏறி வெயிட்டைத் தூக்குவதுதான் விசில். அடுப்பு பெரிதாக எரிந்தால் மூன்று நிமிடத்தில் நாலு விசில் வரும்; பருப்பு வெந்தது மூன்று நிமிடம்தான். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எட்டு முதல் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும், அது போதும். ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

இதே பெக்டின் கணக்குதான் புளிக்கும். புளிக்கரைசல் ஊற்றியபின் காய் வேகாமல் நிற்பது அதன் அமிலத்தால். அதனால்தான் சாம்பாரில் காய் முக்கால் வேக்காடு ஆனபிறகு புளி ஊற்றுகிறோம். கத்தரிக்காய் கரையாமல் முழுசாக நிற்க வேண்டிய வத்தக்குழம்பில் புளியை முன்கூட்டியே ஊற்றுவதும் இதே காரணத்தால்தான்.

ஹால் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் வைத்தது போல ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் காயில் போய்விட்டது, புது ஃபேன் வாங்குங்கள் என்கிறார்.

வீட்டில் எல்லா ஃபேனும் மெதுவாகச் சுற்றினால், அதுவும் சாயங்காலம் மட்டும் என்றால், வோல்டேஜ் குறைவு. ஒரு ஃபேன் மட்டும் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர், அதாவது மோட்டார் சுற்ற உதவும் சின்னக் கெபாசிட்டர். காயில் எரிந்தால் பெரும்பாலும் கருகல் வாடையோ தொட முடியாத சூடோ இருக்கும். வெறும் வேகக் குறைவு அதன் லட்சணம் அல்ல.

மெயினை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். இலகுவாகப் பல சுற்றுகள் ஓடி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. ‘கரகர’ என்று உடனே நின்றால் பேரிங் மாற்ற வேண்டும். அடுத்து மெயினையும் சுவிட்சையும் போடுங்கள். உறுமிக்கொண்டு நிற்கிறதா? குச்சியால் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் ஓடத் தொடங்கினால் கண்டென்சர் முழுதாகப் போய்விட்டது. மெதுவாகத் தானே ஓடினால் பாதி போயிருக்கிறது.

பெரும்பாலான ஃபேன்களில் அது மோட்டாருக்கு மேலே கம்பியை மூடியிருக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும். மேலே 2.5 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 2.25 அல்லது 3.15. அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும். பெரிய எண் போட்டால் காற்று அதிகம் வரும் என்று கடையில் சொல்வார்கள். வரும், கூடவே காயிலும் சூடாகும். மாற்றும்போது சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் கொடுக்கப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் இருக்கும். மெயின் போர்டிலுள்ள எம்.சி.பி. சுவிட்சையே இறக்குங்கள். பழைய கண்டென்சரின் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை சேர்த்துத் தொட்டு மிச்சச் சார்ஜை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். இரண்டு ஒயர்களில் எது எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம். ஏணி ஏறிப் பழக்கமில்லாதவர்கள் ஆளை வைத்தே செய்யுங்கள், ஆனால் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

புது ஃபேன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கணக்கு இது. சாதாரண ஃபேன் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் அதே நேரத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடிக்கும். அதில் நாம் மேலே சொன்ன கண்டென்சர் கிடையாது, சர்க்யூட் போர்டு இருக்கிறது. அது பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்வது சிரமம். வாரண்டி எத்தனை வருடம் என்று பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே சோப்பு போட்டேன். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. வேட்டி போச்சா?

போகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பதும் இதேதான். உங்கள் துணிசோப்பில் காரம் இருக்கிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை நாலு சொட்டு விட்டு, கறையின் பின்பக்கத்திலிருந்து தேய்த்து எண்ணெயை எடுங்கள். அலசுங்கள். பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில், கறை சூரியனைப் பார்க்கும்படி விரித்துக் காயப்போடுங்கள். வெயில் குர்குமினைச் சிதைத்துவிடும். சாயங்காலத்துக்குள் வெளிறும், கெட்டிக் கறை என்றால் மறுநாளும் நனைத்துப் போடவேண்டும். கலர் துணியை இப்படிப் பல மணி நேரம் போட்டால் சாயமும் சேர்ந்து வெளுக்கும், கவனம். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையையோ வினிகரையோ பாத்ரூம் ஆசிடையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கடப்பாக் கல் மேடையில் எலுமிச்சம்பழம் நறுக்கிய இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

அது அழுக்கல்ல, கல்லே அரித்த தடம். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எது பட்டாலும் மேல்பூச்சுப் பளபளப்பு கரைந்து மங்கும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தேய்க்கத் தேய்க்க அதிகமாகத்தான் மங்கும். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். 400, 800, 1200 என்ற வரிசையில், தண்ணீர் விட்டுக்கொண்டே வட்டமாகத் தேய்த்துக் காயவிட்டு மெழுகு பாலிஷ் போட்டால் திட்டு மறையும். அவசரத்துக்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கறுப்பாகும், ஆனால் நாலு நாள்தான் நிற்கும். மார்பிள் தரைக்கும் பழைய வீட்டு மொசைக் தரைக்கும் இதே எச்சரிக்கை. மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லுகள். பளிச்சென்று ஆகும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிலிண்டர் மேல் ‘பி-27’ என்று எழுதியிருக்கிறது. கேஸ் காலாவதியாகும் தேதியா?

கேஸ் காலாவதி ஆகாது. அந்த உருளையை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரி-மார்ச், பி ஏப்ரல்-ஜூன், சி ஜூலை-செப்டம்பர், டி அக்டோபர்-டிசம்பர். உங்களுடையது 2027 ஜூன் வரை. கெடு முடிந்த உருளை வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

உருளையின் மேல்வளையத்தைத் தாங்கும் தகட்டில் வெற்று உருளையின் எடையும் இருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை. கொண்டுவருபவரிடம் எடைபோட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் உருளையை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். மேலே காய்ந்து கீழே ஈரம் நிற்கும் கோடுதான் திரவத்தின் மட்டம்.

கேஸ் வாடை வந்தால் ஒரு சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஜன்னலைவிடக் கதவைத் திறப்பது முக்கியம்.

குன்னூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இட்லி மாவு பொங்குவதே இல்லை. கை போட்டுக் கலந்தும் பயனில்லை.

மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் முக்கியமாக உளுந்தோடு வருகின்றன, உங்கள் கையை நம்பி அவை இல்லை. அவற்றுக்குத் தேவை 28 முதல் 32 டிகிரி வெப்பம். குன்னூர் இரவு அதற்கு வெகு கீழேதான் இருக்கும்.

அரைக்கும்போது குளிர்ச்சி, புளிக்கும்போது வெதுவெதுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தை ஊறிய தண்ணீரையே குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று ஏறவில்லை, இன்னும் அரைபட வேண்டும். கிரைண்டரில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, மிக்ஸி என்றால் மூன்றுக்கு ஒன்று, கூட ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசி மாவைக் கலக்கும்போது கை பொறுக்கும் வெந்நீர் சேருங்கள். பாத்திரத்தை அதைவிடப் பெரிய பாத்திரத்து வெந்நீருக்குள் இறக்கி, கம்பளி போர்த்தி வையுங்கள். இரவில் ஒரு முறை வெந்நீரை மாற்றினால் நல்லது. சென்னையில் எட்டு மணி நேரத்தில் ஆவது இங்கே 14 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வெயில் ஊரில் முதலிலேயே போடுவது சரி, மலையில் பொங்கிய பிறகு போடுங்கள்.

இத்தனைக்கும் பொங்காவிட்டால் உளுந்து பழையது. அதற்கு மருந்து கிடையாது. பக்கத்தில் ஊட்டி, 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். உங்கள் ஊர் கொஞ்சம் தாழ்வு, இருந்தாலும் இட்லி வேக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

வெல்லப் பாயசத்தில் பால் ஊற்றினால் திரிந்துவிடுகிறது.

வெல்லத்தில் லேசான அமிலம் உண்டு. கொதிநிலையில் அது பாலைத் திரிக்கும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, வெந்த பருப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைச் சேருங்கள். அதன்பிறகு சூடுபண்ணாதீர்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் சுத்தமானது என்று அர்த்தமா?

சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு பகுதி மட்டும் உறைந்து மேலே திரவம் தனியாக நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். முழுதாக உறைந்தது என்பதற்காகச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? அதுவும் சுத்தமான தண்ணீர்தானே?

குடிக்கச் சுத்தம், பேட்டரிக்கு இல்லை. அதில் மிச்சமிருக்கும் உப்புகள் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போய் தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்ட் வாட்டர்தான், பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். மிதவை பச்சைக் குறியைத் தாண்டி இறங்கும் முன் ஊற்றுங்கள். தகடு வெளியே தெரியும் அளவுக்கு விட்டால் அந்த இடம் இறந்துவிடும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனபிறகு ஊற்றுவது சரி, முன்பே மேல்குறி வரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, ஆசிட் உள்ளேயே இருக்கிறது.