எல்க்குக்கு .308 போதுமா? வேட்டைத் தோட்டா: கேள்வி-பதில்

கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்கு வந்தவன். இந்த இலையுதிர் காலத்தில் முதல் எல்க் (பெரிய மான் வகை) வேட்டை. கையில் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. கடைக்காரர் அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார். மாற்றட்டுமா?

வேண்டாம். நல்ல குண்டு போட்ட .308, 250 மீட்டருக்குள் எல்க்கின் நுரையீரலைத் தாராளமாகத் துளைக்கும். மேக்னத்துக்கு வேகம் கூடுதல்தான். ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிளில், சுடும்போது தோளில் விழும் அதன் உதை .308-ஐப் போல ஒன்றரை மடங்கு வரும்.

உதைக்குப் பயப்படுகிறீர்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரேஞ்சில் நண்பரை விட்டுத் தோட்டா போடச் சொல்லுங்கள். நடுவில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மித் தோட்டாவையும் (வெடிக்காதது) அவர் போடட்டும். விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல் முனை கீழே குத்தினால், வெடிக்கும் முன்பே உங்கள் தோள் முந்திக்கொள்கிறது என்று அர்த்தம். .308-லேயே இப்படி என்றால் மேக்னத்தில் கேட்கவே வேண்டாம்.

சரி, .308-தான். கடையில் 150, 165, 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) என்று பத்துவிதப் பெட்டிகள். எதை எடுப்பது?

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஆளாளுக்குத் தோட்டாவின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறார்கள். மிருகத்துக்குள் போவது அதன் நுனியில் இருக்கும் குண்டு மட்டும்தானே.

செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரண குண்டு மானுக்குப் போதும், விலையும் குறைவு. அதுவே வேகமாகப் போய்ப் பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் பட்டால் சிதறிவிடலாம். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான்) .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தால் சுட்டார். குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. ஊர் திரும்பி, நடுவில் செம்புச் சுவர் வைத்து ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி காளான் போல விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ இன்றும் கிடைக்கிறது. உறையையும் ஈயத்தையும் பிரியாமல் ஒட்டிய ‘பாண்டட்’ குண்டும் அதே வேலையைச் செய்யும். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று, 165 அல்லது 180 கிரெய்னில்.

முழுச் செம்புக் குண்டு என்றால் 150 எடுங்கள். செம்பு விரிய வேகம் வேண்டும். உடையாததால் எடை குறைந்தாலும் ஆழம் குறையாது. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.

.308-ஐவிடச் சிறிய 6.5 கிரீட்மோரை வைத்து மூஸ் சுடலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

ஸ்வீடன்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அதே குறுக்களவுள்ள 6.5×55 தோட்டாவை வைத்து மூஸ் சுடுகிறார்கள். அங்கே சட்டப்படி, குண்டு 10 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 100 மீட்டரில் 2,000 ஜூல் போதும். 9 கிராம் குண்டென்றால் 2,700 ஜூல் வேண்டும். அவர்கள் விரும்பும் 156 கிரெய்ன் குண்டு 10 கிராமைச் சற்றே தாண்டும்.

நீங்களும் உங்கள் ரைஃபிளுக்குக் கிடைக்கும் கனமான, உறுதியான குண்டை எடுங்கள். 200 மீட்டருக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். இன்னொன்று: நுரையீரலில் அடிபட்ட மூஸ் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். தவறிவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள், அது விழாமல் நிற்கும்வரை மறுபடி சுடுங்கள்.

அந்தக்கால யானை வேட்டைக்காரர் ‘கராமோஜோ’ பெல், சிறிய 7 மி.மீ. ரைஃபிளால் யானை சுட்டார். அப்புறம் ஆப்பிரிக்க எருமைக்கு எதற்கு .375 போன்ற பெரிய தோட்டா?

பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். மண்டை ஓட்டுக்குள் மூளை எங்கே என்பது அவருக்கு அத்துப்படி. விரியாத குண்டை அங்கே அனுப்பினார். நாம் பெல் இல்லை. பல ஆப்பிரிக்க நாடுகளில் எருமைக்கு .375-ஐ ஒட்டிய அளவுதான் சட்டப்படி குறைந்தபட்சம். 1912-இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் இன்றும் அங்கே பாதுகாப்பான தேர்வு.

கோவைப் பக்கம் தோட்டம். லைசென்ஸோடு .315 ரைஃபிள் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு எந்தக் குண்டு?

எந்தக் குண்டும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுட அனுமதி வேறு. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள்.

விலை குறைந்த தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு, வேட்டைக்கு மட்டும் விலை கூடியதை எடுத்துப் போகலாமா?

கூடாது. ஒரே எடை என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இரண்டும் 100 மீட்டரில் சில அங்குலம் தள்ளி விழலாம். பழகுவதற்கு விலை குறைந்ததைச் சுடுங்கள். கடைசியில் வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவில் மூன்று மூன்றாகச் சுட்டு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தை அதே பெட்டியோடு பையில் போடுங்கள்.