பாலி கமெலான் பதிவில் சுருதி நடுங்குகிறது என்றவருக்கு

நீங்கள் கேட்ட கமெலான் (இந்தோனேசியாவின் பாலி, ஜாவா தீவுகளில் உலோக வாத்தியங்களைத் தட்டி வாசிக்கும் குழு இசை) கோப்பு கெடவில்லை, மறுபடி பதிவிறக்க வேண்டாம். அந்த நடுக்கம் வேண்டுமென்றே வைத்தது.

பாலியில் உலோகக் கட்டை வாத்தியங்களை ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றின் சுருதி மற்றதைவிட நூலளவு கூடுதலாக இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி விம்மி விம்மித் தணியும். 'ஓம்பாக்' என்பார்கள், அலை என்று பொருள். அது இல்லாத ஒலி அவர்கள் காதுக்கு உயிரற்றது. (எனக்கும் முதலில் தலைவலிதான்.)

சந்தேகமானால், நீளமாக ஒலிக்கும் ஒரே சுரத்தைக் கேளுங்கள். நடுக்கம் சீராக வந்தால் ஓம்பாக். எல்லா வாத்தியமும் ஒன்றாக இழுபட்டு, வேகமும் ஏறி இறங்கினால் பழைய ஒலிநாடாவின் கோளாறு.

சுருதி பார்க்கும் செயலியை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழுவின் வாத்தியங்களுக்கும் சுருதி வேறு. ஜாவா கமெலானில் இந்த ஜோடி முறை வழக்கமில்லை.