கட்டில் நாடா: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எனக்கு 31 வயது, அவருக்கு 35. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. கையைக் கட்டுவது, கண்ணைக் கட்டுவது, லேசாக அடிப்பது இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்திருக்கிறது. இதற்கு பிடிஎஸ்எம் என்று பெயர் இருப்பதே போன வருடம்தான் தெரியும். இதற்கான சாமான்களை ஆன்லைனில் விற்கிறார்கள். ஆனால் எங்களுடையது கூட்டுக்குடும்பம். பார்சல் வந்தால் மாமியார்தான் வாங்கிப் பிரிப்பார். அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்கிறோம். என் பட்டு துப்பட்டா, அவர் ஒயரிங் வேலைக்கு வைத்திருக்கும் கேபிள் டை, துணி கிளிப், கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வாயில் துண்டு திணிக்கலாமா, தொட்டில் கொக்கியில் கையைத் தூக்கிக் கட்டலாமா என்று அவர் கேட்கிறார். செய்யலாமா அக்கா? எங்களுக்கு ஏதாவது மனநோயா? சில சமயம் போதும் என்று சொல்லத் தோன்றும். அவர் முகம் வாடிவிடுமே என்று இருந்துவிடுவேன். யாரிடமும் கேட்க முடியவில்லை.

அன்புள்ள அம்மணிக்கு,

முதலில் ஒரு வேலை. அந்த கேபிள் டையை இன்றைக்கே அவருடைய டூல்ஸ் பெட்டியில் திரும்பப் போட்டுவிடுங்கள். அது இறுக மட்டும்தான் செய்யும், தளராது. தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கத்தி நுழைய இடம் இருக்காது. மிச்சத்தைப் பொறுமையாகப் பேசலாம்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் புதிதாக நடைமுறைக்கு வந்தபோது, இரண்டு பேரும் மனமொத்துச் செய்யும் இந்த மாதிரி விருப்பங்களை நோய் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் செய்வதை அந்தப் பட்டியல் கோளாறு என்கிறது. இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கமும் இல்லை. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் அடிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதில் சில அடிகளைத் தெற்கத்திக்காரர்களின் வழக்கம் என்று சொல்லி, அவை கூடாது என்கிறார். சோழ அரசன் ஒருவன் அப்படி அடித்ததில் சித்திரசேனை என்ற கணிகை செத்துப்போனதை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார். ஆசையை அவர் தப்பென்று சொல்லவில்லை. வேகத்தில் கை எங்கே போகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறார்.

இனி துப்பட்டா. பட்டுத்துணி மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி என் மணிக்கட்டில் பட்டு துப்பட்டாவைச் சுற்றி இரண்டு முடிச்சு போட்டோம். நான் இழுக்க இழுக்கத் துணி சுருண்டு ஒரு மெல்லிய கயிறாகிவிட்டது. முடிச்சு வழுக்கிக்கொண்டு போய் இறுகியது. அவிழ்க்கப் பார்த்தால் நகம்கூட உள்ளே போகவில்லை. பக்கத்தில் கத்திரிக்கோல் இல்லை. என் வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் முடிச்சை நெகிழ்த்தினார். அடுத்த மூன்று வாரம் என் வலது கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துக் கிடந்தது. அந்த இடத்துக்குப் போகும் நரம்பு மணிக்கட்டின் ஓரத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கைவிலங்கு மாட்டியவர்களுக்கு வரும் மரப்பும் இதேதான். டாக்டரிடம் வளையல் இறுக்கம் என்று பொய் சொன்னேன். நீங்கள் அப்படிப் பொய் சொல்லாதீர்கள். எத்தனை நேரம் கட்டியிருந்தது, எங்கே கட்டியிருந்தது என்று தெரிந்தால்தான் அவர்கள் சரியாகப் பார்க்க முடியும்.

அதற்கும் முன்னால் நடந்த இன்னொன்று. கல்யாணமாகி வந்த புதிதில் கட்டுத்தரையில் கன்றுக்குட்டியைக் கட்டச் சொன்னார்கள். நான் கழுத்தில் ஒரு சுருக்கைப் போட்டு முளைக்குச்சியில் நாலு முடிச்சு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மாமனார் ஓடிவந்து அவிழ்த்தார். "அம்மணி, கழுத்துக்குச் சுருக்கு போடக்கூடாது. இழுக்க இழுக்க இறுகும். குச்சியில போட்டிருக்கிறதும் தப்பு. கன்னு மாட்டிக்கிச்சுன்னா ஒரே இழுப்புல வரணும்" என்று சொல்லி இரண்டையும் மாற்றிப் போட்டுக் காட்டினார். உடம்புப் பக்கம் இறுகாத வளையம், குச்சிப் பக்கம் இழுத்தால் அவிழும் உருவு முடிச்சு. இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தக் கட்டுத்தரையில் கற்றதுதான். நீங்களும் தோட்டத்தில் தினமும் பார்க்கிறதுதான் இது. உருவு முடிச்சு என்பது பாவாடை நாடாவுக்கு நாம் போடுகிறதே, அதுதான். அவசரத்தில் தப்பான முனையை இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் அவிழ்க்க வேண்டிய முனையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவையுங்கள்.

மணிக்கட்டுக்கு என்ன போடுவது? நாடாக் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாதான் நான் கண்டதில் நல்லது. இரண்டு இன்ச்சுக்குக் குறையாத அகலமாகப் பாருங்கள். பிளாஸ்டிக் நாடா வேண்டாம், ஓரம் அறுக்கும். மணிக்கட்டின் சுற்றளவை அளந்து, நாலு இன்ச் கூட விட்டு வெட்டுங்கள். உள்பக்கம் பழைய கரூர் டவலை இரண்டாக மடித்து வைத்துத் தையுங்கள். முனையில் மூன்று இன்ச்சுக்கு வெல்க்ரோ. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள். பேக் தைக்கிற கடையில் ஆங்கில டி எழுத்து வடிவ வளையம் கிடைக்கும், அதை வெளிப்பக்கம் நாடாத் துண்டில் கோத்துத் தைத்துவிடுங்கள். கயிற்றை வளையத்தில் கட்ட வேண்டும், கையில் இல்லை. பலமாக இழுத்தால் வெல்க்ரோ பிரிந்துவிடுகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருப்பதே அதனால்தான். மாட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். யாராவது பார்த்தாலும் பழைய பையின் வார் என்றுதான் நினைப்பார்கள்.

கயிறு என்றால் சுண்டுவிரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவான நூல் கயிறு போதும். கொடிக்கயிறாகக் கட்டும் நைலான் வழுக்கும், வேகமாக இழுத்தால் தோலைச் சுடும். பொள்ளாச்சியில் திரிக்கும் தேங்காய் நார்க் கயிறு சிராய்த்துவிடும். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்டை நீளமாகக் கிழித்துப் பின்னலாமே என்று தோன்றும். அது இழுத்தால் நீளும், எத்தனை இறுக்கம் என்று கைக்குத் தெரியாது. கண்ணுக்குக் கட்ட மட்டும் அதைவிட நல்ல துணி இல்லை.

கட்டும் முன்னால் கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள். நசுங்கி உடைந்தால் மணிக்கட்டுக்குள்ளேயே போகும். தாலிக்கொடியில் ஊக்கு மாட்டியிருப்பீர்கள், அதையும் எடுத்துவிடுங்கள். கழுத்துப் பக்கம் கயிறோ துணியோ கையோ எதுவுமே வேண்டாம். மெதுவாகச் செய்தால் பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேல்கையின் வெளிப்பக்கமும் வேண்டாம். அங்கே நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது, நசுங்கினால் மணிக்கட்டே தொங்கிப்போய் மாதக்கணக்கில் தூக்க முடியாமல் ஆகும். விரல் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தாலோ அந்த நிமிடமே அவிழ்த்துவிட வேண்டும். கட்டிப்போட்டவரைத் தனியாக விட்டு ஒரு நிமிடம்கூட வெளியே போகக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் பேண்டேஜ் வெட்டும் கத்திரி என்று கேளுங்கள், முனை மொட்டையாக இருக்கும். அதைக் கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டிவையுங்கள். கரண்ட் போகும் ஊர் நம்முடையது, டார்ச்சும் கூடவே இருக்கட்டும்.

தொட்டில் கொக்கி வேண்டாம். அது குழந்தையின் எடைக்கு அடித்தது. தூக்கிக் கட்டிய கையில் ரத்தமும் சீக்கிரம் குறையும், மயக்கம் வந்து சரிந்தால் முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். கட்டில் கால் போதும்.

மெழுகுவர்த்தியில் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை பாரஃபின் மட்டும். தேன்மெழுகு இன்னும் அதிகச் சூட்டில்தான் உருகும். ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டு, முதலில் அவரவர் முன்கையில். முகம், மார்புக்காம்பு, அந்தரங்க உறுப்புகள் வேண்டாம். விளக்கெண்ணெய், கற்பூரம் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். துணி கிளிப்பைப் போடும்போதைவிட எடுக்கும்போதுதான் வலி அதிகம், ரத்தம் திரும்பப் பாய்வதால் அப்படி. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

அடிப்பதற்கு மர அகப்பை போதும், பிசிறு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வையுங்கள். பூரிக்கட்டை கனம், தோசைத் திருப்பிக்கு ஓரம் உண்டு, இரண்டும் ஆகாது. பிட்டத்தின் சதையில் மட்டும். இடுப்புக்கு மேலே சிறுநீரகம் இருக்கிறது, முதுகெலும்பும் வாலெலும்பும் அருகிலேயே. அந்த அகப்பை அப்புறம் அடுப்படிக்குப் போகக்கூடாது. செருப்பும் சீமாறும் கையில் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். நம் ஊரில் அவற்றால் அடிவாங்கியவர்களின் கதை வேறு. இரண்டு பேரும் உட்கார்ந்து மனசாரப் பேசி, இது எனக்கு அவமானமாக இல்லை என்று அடி வாங்குகிறவர் சொல்லும்வரை அது வேண்டாம்.

வாயில் துண்டு திணிப்பது கண்டிப்பாகக் கூடாது. மூச்சு போகும் வழி அது. வாந்தி வந்தால்கூடத் துப்ப முடியாது. வேண்டுமானால் மடித்த துண்டை நீங்களாகப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள், வாயைத் திறந்தால் விழுந்துவிட வேண்டும். பக்கத்தில் தறி ஓடும் வீடு என்றால் அறைக்குள்ளேயே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கன்றுக்குக் கட்டும் சலங்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே போட்டால் எல்லாம் நின்றுவிட வேண்டும்.

இத்தனை சொன்னபிறகும் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. போதும் என்று சொல்லத் தோன்றியும் சொல்லாமல் இருந்துவிடுவேன் என்கிறீர்கள். அம்மணி, நான் சொன்ன நாடாவும் கத்திரியும் சலங்கையும் நீங்கள் போதும் என்று சொன்னால்தான் வேலை செய்யும். நீங்கள் பேசாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உங்கள் சந்தோஷத்துக்குச் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் அவர் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு இது அவருக்குத் தெரிய வந்தால் முகம் வாடுவதோடு நிற்காது. பகலில், சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்லுங்கள். படுக்கையில் வேண்டாம். ஒரு வார்த்தையை முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது "மஞ்சள்". அதைச் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது, அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கேள்வியெல்லாம் மறுநாள். நீங்கள் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை என்றால் அதற்குப் பெயர் அடி, உதை. அதற்கு 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை அவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

நாடாவைத் தைத்து முடித்ததும் முதலில் அவர் கையில் மாட்டுங்கள். கட்டில் காலில் கட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். நடுவில் ஒரு தடவை, ஒன்றுமில்லாவிட்டாலும், அவரை அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். சிவப்பு நூல் முனையை நீங்கள் இழுத்து அவிழ்த்துவிடுங்கள். அடுத்த நாள் உங்கள் முறை.

அன்புடன்,
அக்கா