வட்டார வழக்கைத் திருத்திவிடும் டைப்பிஸ்ட்: நாவலாசிரியர் என்ன செய்வது?

கேள்வி: கையால் எழுதிய என் நாவலை ஒரு முகவர் மூலம் தட்டச்சுக்குக் கொடுத்தேன். முதல் ஆறு அத்தியாயங்கள் பிடிஎஃப் கோப்பாக வந்தன. பேச்சில் நான் ‘வந்துக்கிட்டு’ என்று எழுதியது சில அத்தியாயங்களில் ‘வந்துகொண்டு’ ஆகியிருக்கிறது. டைப்பிஸ்டிடம் நேரில் பேச முகவர் விடுவதில்லை. ஆளை மாற்றுவதா, நானே திருத்திக்கொள்வதா?

பதில்: இரண்டும் வேண்டாம். டைப்பிஸ்ட் வேண்டுமென்று கெடுக்கவில்லை. கடிதங்களும் ஆய்வேடுகளும் அடித்துப் பழகியவருக்குப் பிழை கண்டால் திருத்துவதுதான் நல்ல வேலை. நாவல் அப்படியல்ல என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். பாத்திரங்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், அடிக்கடி வரும் வழக்குச் சொற்கள், எல்லாம் நீங்கள் எழுதும் அதே எழுத்தில். சந்தேகம் வந்தால் உள்ளபடி அடித்து, மஞ்சள் வண்ணம் போட்டு வைக்கட்டும்.

ஒரே ஒரு திருத்தத்துக்கு அனுமதி தரலாம்: கதைசொல்லும் பகுதியில் விட்டுப்போன புள்ளி. ‘வநதான்’ என்றிருந்தால் ‘வந்தான்’ என அடிக்கலாம். பேச்சுக்குள் அந்த உரிமையும் கிடையாது. ‘அத குடு’ என்பதை ‘அதக் குடு’ ஆக்கினாலே பேசுகிறவரின் குரல் மாறிவிடும். கதைக்குள் ஒரு பாத்திரம் எழுதும் கடிதமும் பேச்சுக் கணக்குதான். எழுதத் தடுமாறுகிறவருக்குப் புள்ளி விடுபட்டிருப்பது நீங்கள் தெரிந்தே செய்ததாக இருக்கலாம். அந்தப் பக்க ஓரத்தில் ‘உள்ளபடியே’ என்று சிவப்பில் எழுதிவிடுங்கள்.

என் கவலையெல்லாம் முகவரைப் பற்றித்தான். நேரில் பேச விடாதவர் பெரும்பாலும் நாவலை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார். சில அத்தியாயங்களில் மட்டும் சொல் மாறியிருப்பது அதற்கு அடையாளம். பிடிஎஃப் மட்டும் தருவதும் தந்திரம். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் நீங்கள் அவரிடம் போய்க் காசு கொடுத்து நிற்க வேண்டும். திருத்தக்கூடிய வேர்ட் கோப்பு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டில், அத்தியாயம் அத்தியாயமாக வரட்டும். வந்த பிறகே பணம். கூலியைச் சொல் எண்ணிக்கையில் பேசுங்கள். பக்கக் கணக்கு என்றால் எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைக் கூட்டிவிடுவார்கள். மாற்றிய சொற்களைப் பழையபடி ஆக்கித் தருவது அவர்கள் பொறுப்பு, கூடுதல் கூலி கிடையாது.

கோப்பு வந்ததும் தேடல் பெட்டியில் ‘கெள’ என்று போட்டுப் பாருங்கள். ‘கௌரி’ என்ற பெயர் ‘கெளரி’யாகக் கிடந்தால், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ‘அவர்’ என்பதிலும் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது. 1991 முதல் தமிழ் யூனிகோடில் இருக்கிறது. இன்னமும் பழைய எழுத்துருவில் கேட்கிற பதிப்பகங்களை என்ன சொல்வது! மாற்றிக்கொள்ளும் வேலை அவர்களுடையது, உங்களுடையதல்ல.

அடுத்தது வரி விடுபடுவது. அருகருகே இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால் டைப்பிஸ்டின் கண் தாவி, ஒரு வரி முழுசாகப் போய்விடும். மிச்சமிருப்பது பொருளோடு படிக்க வந்துவிட்டால் தட்டச்சுப் பிரதியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் தட்டச்சுப் பிரதியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். முதல் இரண்டு அத்தியாயங்களுக்காவது அவற்றை அடித்த டைப்பிஸ்டே உங்கள் எதிரில் உட்காரட்டும். முகவர் இதற்கு மறுத்தால் ஏழாம் அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள்.