அப்டேட்டுக்குப் பிறகு அடம்பிடிக்கும் வைஃபை: மியூசிக் பிளேயர் கேள்வி பதில்

கேள்வி: அப்டேட் போட்டதிலிருந்து பிளேயர் வைஃபையில் இணைந்ததாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பாட்டும் வரவில்லை. அதே வைஃபையில் ஃபோன் நன்றாக ஓடுகிறது. எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அது கடைசி வழி. எந்த இடத்தில் அறுபடுகிறது என்று முதலில் பாருங்கள். வைஃபை செட்டிங்ஸில் உங்கள் நெட்வொர்க்கின் விவரத்தைத் திறந்தால் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிளேயருக்குக் கிடைத்த எண், தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் முகவரி தரவில்லை, பிளேயர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த நெட்வொர்க்கை நீக்கிவிட்டு, ரௌட்டரை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரௌட்டர் வரை கோளாறு இல்லை. அப்போது பிளேயரின் தேதியைப் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தேதி பின்னால் போயிருந்தால் பாட்டுச் செயலி சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப மறுக்கும். வைஃபை மேல் பழி விழும். முன்பு எப்போதாவது டிஎன்எஸ் எண்ணை (தளங்களின் பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வரின் எண்) கையால் மாற்றியிருந்தால் அதையும் தானியங்கிக்குத் திருப்புங்கள்.

நம் பக்கம் தவறே இல்லாமலும் இப்படி நடக்கும். 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்த நாளில், இணையம் இருக்கிறதா என்று சோதிக்க அந்தச் சாதனங்கள் தேடும் ஒரு பக்கம் ஆப்பிள் தளத்தில் கிடைக்காமல் போனது. வைஃபை கெட்டுவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அதனால் அப்டேட் வந்த அன்றே இப்படி ஆனால், எதையும் அழிக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, ரௌட்டரில் எங்கள் வீட்டுச் சாதனங்களை மட்டும் அனுமதித்து வைத்திருக்கிறேன். பிளேயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இப்போது உள்ளே விட மறுக்கிறது.

பதில்: பட்டியலில் இருப்பது பழைய மேக் முகவரி, தம்பி. ரௌட்டர் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காணும் எண் அது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து சாதனங்கள் நெட்வொர்க்குக்கு ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. உன் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அந்தத் தனியுரிமை வசதியை அணைத்துவிடு. வெளியிடங்களில் அது இருப்பதே நல்லது.

கேள்வி: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் தவறு என்கிறது. ரௌட்டர் பழசு.

பதில்: ரௌட்டரின் பாதுகாப்பு முறை என்னவென்று பாருங்கள். டபிள்யூஈபி என்ற பழைய முறை இருந்தால் பிளேயர் மறுப்பதே நியாயம். அது உடைக்கப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டபிள்யூபிஏ2 முறை, ஏஈஎஸ் குறியாக்கம் என்று வையுங்கள். புது ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் வரும்: அடுத்து வந்த டபிள்யூபிஏ3-யும் கலந்திருந்தால் சில பிளேயர்கள் தடுமாறும். சோதனைக்கு டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வைஃபை வழியாகப் பாட்டு ஓடும்போது புளூடூத் ஹெட்ஃபோனில் விட்டு விட்டுக் கேட்கிறது. அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.

பதில்: புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இடிபடுகின்றன. புளூடூத்தில் உயர்தர ஒலியை அனுப்பும் எல்டிஏசி முறையைப் பயன்படுத்துகிறீர்களா? அதன் தரம் நொடிக்கு 990, 660, 330 கிலோபிட் என்று மூன்று படி. அப்டேட்டில் அது 990-இல் போய் உட்கார்ந்திருக்கலாம். தானாகச் சரிசெய்யும் நிலைக்கு மாற்றுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். 990-க்கும் 660-க்கும் நடந்துகொண்டே கேட்கையில் வித்தியாசம் தெரியும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் தெரிகின்றன, எங்களுடையது மட்டும் காணோம்!

பதில்: ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 13-ஆம் சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு பிரிவு) இருக்கிறதா பாருங்கள். அப்டேட்டில் பிளேயரின் நாட்டு அமைப்பு மாறியிருந்தால் அந்தச் சேனல்களைத் தேடாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். காணாமல் போனது 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் என்றால், பிளேயருக்கு அது தெரியுமா என்பது முதல் கேள்வி. ஐபாட் டச் வரிசையில் ஐந்தாம் தலைமுறைக்கு முன் வந்தவற்றுக்குத் தெரியாது.

கேள்வி: வைஃபை பொத்தான் சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

பதில்: புளூடூத்தும் வேலை செய்யவில்லையா? இரண்டும் பெரும்பாலும் ஒரே சிப்பில்தான் இருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்து, பிளேயரை அணைத்துப் போடுங்கள். அப்புறமும் இரண்டும் எழவில்லை என்றால் சிப்பே போயிருக்க வாய்ப்பு அதிகம். எந்தப் பதிப்பைப் போட்டும் பயனில்லை, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புளூடூத் ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை என்றால் பழைய பதிப்பை முயலலாம். ஆனால் ஆப்பிள் பழைய பதிப்புகளுக்கு ஒப்புதலை நிறுத்திவிடும் என்பதால் அங்கே வழி சீக்கிரம் அடைபடும். வேறு பிளேயர் என்றால் தயாரித்தவரின் தளத்தில் முந்தைய ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். போடுவதற்கு முன் பாட்டுகளைக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள்.