கழுத்து இறுகிப்போன குலைவெட்டுக்காரருக்கு மசாஜ் கன்: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி): வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். வயது 52, சர்க்கரை இருக்கிறது. நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பதால் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிவிடுகின்றன. மகன் ஆன்லைனில் மசாஜ் கன் (தசையை வேகமாகத் தட்டி அதிர வைக்கும் கைக்கருவி) வாங்கித் தந்தான். அரை மணி நேரம் கழுத்தில் வைத்து அழுத்துகிறார், மறுநாள் வலி கூடுகிறது. எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: சகோதரி, முதலில் அந்த அரை மணி நேரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும், அதுவும் ஆகக் குறைந்த வேகத்தில். வலிக்க வலிக்க இடித்தால் முடிச்சு உடையும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் உள்ளே அப்படி எதுவும் உடைவதில்லை. அந்த அதிர்வு வலி உணர்வைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது, இறுக்கம் தளர்ந்து கழுத்து சுலபமாகத் திரும்புகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. நெடுநேரம் பலமாக இடித்தால் தசை கன்றிப்போகும். மறுநாள் வலி கூடுவது பெரும்பாலும் அதனால்தான்.

கழுத்தில் வைக்கவே வேண்டாம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, பின்னால் முதுகெலும்பு. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே கையால் பிடித்தால் சதை தடிப்பாக வருமே, அங்கே வையுங்கள். உருண்டையான மெத்து முனையைப் போட்டு, கருவியின் கனமே அழுத்தட்டும் என்று விட்டு மெதுவாக நகர்த்த வேண்டும், எலும்பில் படக் கூடாது. குலை வெட்டும் நீளக் கம்பைப் பிடித்துப் பிடித்து முன்கையும் இறுகியிருக்கும், அங்கேயும் ஒரு நிமிடம் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் அவருக்கு டென்னிஸ் பந்துதான் இன்னும் நல்லது. பழைய காலுறைக்குள் போட்டு, தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட சதையில் வைத்து சுவரில் சாய்ந்து மெல்ல உருட்டச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்துவது என்பது அவர் கையிலேயே இருக்கும், வலித்தால் உடனே விலகிக்கொள்ளலாம். அப்புறம் கழுத்தை இருபக்கமும் நிதானமாகத் திருப்பட்டும்.

சர்க்கரை இருப்பதால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பாதத்திலோ காலிலோ உணர்ச்சி குறைந்திருந்தால் அங்கே கருவி வேண்டவே வேண்டாம், அளவு மீறினாலும் அவருக்குத் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், தேய்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரைக் கேட்காமல் மசாஜ் கன்னைத் தொட வேண்டாம்.

கை மரத்துப்போவது, பிடி தளர்ந்து சாமான் நழுவுவது எல்லாம் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம், அதற்கு மசாஜ் மருந்தில்லை, கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வேலை செய்யும்போது தோள் வலியோடு நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், 999 அழையுங்கள்.

வெட்டும்போது மரத்தை ஒட்டி நிற்க நிற்கக் கழுத்து அதிகமாக மடங்கும், முடிந்தவரை தள்ளி நின்று வெட்டட்டும். சில குலைகளுக்கு ஒருமுறை தலையைத் தாழ்த்தித் தோளைத் தளர விடட்டும். கிளினிக்குக்குப் போகும்போது 'கழுத்து வலி' என்று மட்டும் சொல்லாமல் என்ன வேலை, எத்தனை வருடமாக என்பதையும் சொல்லிப் பதிய வையுங்கள். வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் எழுதினால் சொக்சோவில் (மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பிக்க அது உதவும்.